ஜீப்பு ஆடம்பரம் அல்ல, மலை விவசாயியின் ஏர்!

 

வாசலில் கட்டியிருக்கிற மாட்டையும் சாய்த்து வைத்திருக்கிற ஏரையும் பார்த்து ஒரு குடியானவனின் நிலைமையைச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. பழனி மலையில் இன்றைக்கு அந்த இடத்தில் நிற்பது பழைய ஜீப்பு. பூம்பாறையில் விளையும் வெள்ளைப்பூண்டு வடுகபட்டி சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரைப் பக்கம் எடுக்கிற கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ் எல்லாம் மலை இறங்கியாக வேண்டும். தாண்டிக்குடி, பண்ணைக்காட்டுக் காப்பியும் மிளகும் பட்டிவீரன்பட்டிக்குப் போக வேண்டும். வியாபாரியின் லாரி தார்ச்சாலையோடு நின்றுவிடும். காட்டிலிருந்து அந்தத் தார்ச்சாலை வரைக்கும் இருக்கிற மண் பாதை யார் பொறுப்பு? நம்ம பொறுப்பு! தலைச்சுமை, குதிரைச்சுமை, அதுவும் இல்லையென்றால் ஜீப்பு.

ராத்திரி பத்து மணிக்குப் பிரசவ வலி எடுத்தால் கூப்பிடுவதும் அந்த ஜீப்பைத்தான். பாம்பு கடித்தாலும் அதுதான். உரமூட்டை ஏற்றுவதும், பிள்ளையைப் பரீட்சைக்குக் கொண்டுபோய் விடுவதும் அதுதான். இப்படிப்பட்ட வண்டிக்கு இன்று இரண்டு பக்கமும் அடி. ஒரு பக்கம் காகிதம் இல்லாத வண்டியை நம்ம தலையில் கட்டும் புரோக்கர்கள். இன்னொரு பக்கம் வண்டிக்கு வயதாகிவிட்டது என்று கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போகும் அரசாங்கம். இரண்டையும் பற்றி இந்த இதழில் வெளிப்படையாகப் பேசுவோம்.

ஜீப்பு நம்ம மலைக்கு வந்த வழி

இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் செய்த வண்டி ஜீப்பு. 1940-களின் கடைசியில் மகிந்திரா கம்பெனி அதை நம் நாட்டில் பூட்டி விற்க ஆரம்பித்தது. முதலில் பெட்ரோல் வண்டி. பிறகு டீசல் மலிவு என்று அதே வண்டிகளில் டீசல் இன்ஜினைத் தூக்கி வைத்தார்கள். பின்பக்கம் 'லெஃப்ட் ஹேண்ட் டிரைவ்' என்று எழுதிக்கொண்டு இடதுபக்க ஸ்டியரிங்கோடு ஓடிய வண்டிகளைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்புறம் எம்.எம். 540, கமாண்டர், மார்ஷல், மேஜர் என்று வரிசையாக வந்தன. 2010-ல் 'தார்' வந்தது. இன்று புதுத் தார் ஒன்றை ரோட்டில் இறக்க வேண்டுமானால் பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. இரண்டு ஏக்கர் பூண்டுக்காரன் பத்து லட்சத்துக்கு எங்கே போவான்?

அதனால்தான் பழைய வண்டி. முன்பெல்லாம் சர்க்கார் இலாகாக்கள் ஓட்டிக் கழித்த ஜீப்புகள் ஏலத்தில் வரும். நாலு பேர் சேர்ந்து ஏலம் எடுத்து, ஒர்க்‌ஷாப்பில் விட்டு, ஒரு மாதத்தில் மலை ஏற்றிவிடுவார்கள். அந்த வழியும் அடைபட்டது. 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளுக்குப் பதிவு புதுப்பிக்கக் கூடாது, பதிவுபெற்ற உடைப்பு நிலையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய அரசு ஆணை போட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறை. ஆகவே, 'இலாகா ஏல வண்டி, போன வருஷம் எடுத்தது' என்று இப்போது ஒருவர் சொன்னால் பணத்தை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உடைக்க அனுப்பிய வண்டியை ஒட்டவைத்து விற்றால் அதற்குப் பதிவு கிடையாது.

வயதுக்கு அபராதமா?

சொந்த வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன் பிறகு ஆய்வாளரிடம் வண்டியைக் காட்டி ஐந்து ஐந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். டில்லியைப் போல 'பத்து வருஷம் ஆச்சு, டீசல் வண்டி ஓடக் கூடாது' என்கிற தடை நம் மாநிலத்தில் சொந்த வண்டிகளுக்கு இல்லை. புரோக்கர்கள் இதைச் சொல்லிப் பயமுறுத்தி மலிவு விலைக்குக் கேட்கிறார்கள். ஏமாற வேண்டாம்.

தடைதான் இல்லையே தவிர, கட்டணத்தைப் பாருங்கள். ஜீப்பு, கார் போன்ற வண்டிக்குப் பதிவு புதுப்பிக்க 2022 மார்ச் வரை 600 ரூபாய். 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி 20 ஆண்டு கடந்த வண்டிக்கு 10,000 ரூபாய். ஜி.எஸ்.டி. தனி. மூன்றரை வருஷத்துக்குள் அறுநூறு பத்தாயிரமாகிவிட்டது! நம்ம பூண்டு விலை அப்படி ஏறியதா? தேதி தவறினால் மாதம் 500 ரூபாய் தாமதக் கட்டணம் என்றும் விதியில் எழுதி வைத்திருக்கிறார்கள். மூன்று வருஷம் கவனிக்காமல் விட்ட வண்டி என்றால் தாமதத்துக்கு மட்டும் 18,000 ரூபாய். இதற்கு மேல் பசுமை வரி. அதற்கும் மேல் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ். 1,500 சி.சி.க்கு மேற்பட்ட சொந்த வண்டிக்கு 2022 ஜூனில் அவர்கள் நிர்ணயித்த தொகை வருஷத்துக்கு 7,897 ரூபாய்.

'பழைய வண்டி புகை கக்குகிறது, மலைக்கு நல்லதல்ல' என்கிறார்கள். நியாயமான பேச்சுதான். இந்த மலையின் காற்றும் தண்ணியும் கெட்டால் முதலில் பட்டினி கிடப்பது நாம்தான். அதனால் புகையைச் சோதிக்கட்டும். தவறும் வண்டியை நிறுத்தட்டும், நாம் குறுக்கே நிற்க மாட்டோம். ஆனால் பத்தாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டால் புகை குறைந்துவிடுமா? சுற்றுலா வண்டிகளின் நெரிசல் தாங்காமல் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வைக்கச் சொன்னது சென்னை உயர்நீதிமன்றம். 2025 கோடைக்கு வேலை நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று வரம்பும் போட்டது. விவசாய விளைபொருள் ஏற்றும் வண்டிகளுக்கு விலக்கும் கொடுத்தது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் மலை ஏறும் உல்லாச வண்டி வேறு, காட்டுக்கும் ரோட்டுக்கும் மூட்டை இழுக்கும் ஜீப்பு வேறு என்பது நீதிமன்றத்துக்குப் புரிகிறது. கட்டணம் போடுபவர்களுக்குப் புரியவில்லை.

காகிதம் முதலில், இரும்பு பிறகு!

வண்டி பார்க்கப் போனால் நம்ம ஆட்கள் முதலில் பானெட்டைத்தான் திறக்கிறார்கள். அது தப்பு. முதலில் ஆர்.சி. புத்தகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். இன்ஜின் கெட்டால் பணம் போட்டுச் சரி செய்யலாம். காகிதம் கெட்டிருந்தால் எவ்வளவு பணம் போட்டாலும் ஆகாது.

ஒன்று. ஆர்.சி.யில் உள்ள சேஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். சேஸில் நம்பர் அடித்த இடத்தைத் துணியால் துடைத்துக் கண்ணால் பாருங்கள். சுற்றிலும் புது வெல்டிங், ராவின தடம், புதுப் பெயிண்ட் இருந்தால் அந்த இடத்திலேயே திரும்பி வந்துவிடுங்கள்.

இரண்டு. ஆர்.சி.யில் பெட்ரோல் என்றிருக்கும், வண்டியில் டீசல் இன்ஜின் உட்கார்ந்திருக்கும். பழைய ஜீப்பில் இது சர்வ சாதாரணம். மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருந்தால் கவலையில்லை, ஏறாவிட்டால் வேண்டாம். பாடியை நீட்டியது, அகலம் கூட்டியது எல்லாமும் அப்படித்தான். கம்பெனி செய்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமே சொல்லிவிட்டது.

மூன்று. எம்-பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளையைக் கேட்டால் ரெண்டு நிமிஷத்தில் பார்த்துச் சொல்லும். பதிவு எப்போது முடிகிறது, ஃபைனான்ஸ் நிலுவை இருக்கிறதா, அபராத சலான் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கையெழுத்தில் எழுதிய பழைய ஆர்.சி. கம்ப்யூட்டரில் ஏறாமல் இருந்தால், விற்பவரே ஏற்றிக் கொடுத்த பிறகு மிச்சப் பணம் கொடுங்கள்.

நான்கு. ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இருந்தால், கடன் தீர்ந்த சான்றும் படிவம் 35-ம் இல்லாமல் கைவைக்காதீர்கள்.

ஐந்து. கேரளா ஜீப்பு, டில்லி ஜீப்பு என்று மலிவாக வரும். அந்த ஊர் அலுவலகத்தின் தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28, கையில் இல்லாவிட்டால் அது மலிவு அல்ல. இங்கே புது நம்பர் வாங்குவதும் வரி கட்டுவதும் நம்ம தலையில் விழும். அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஆறு, எல்லாவற்றிலும் பெரியது. பெயர் மாற்றம்! படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கிப் பெட்டியில் பூட்டி வைப்பது பெயர் மாற்றம் ஆகாது. மாநிலத்துக்குள் என்றால் விற்பவர் 14 நாளுக்குள்ளும் வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். 'நம்ம மச்சான்தானே, நம்ம ஊர்க்காரன்தானே' என்று விட்டவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்கிறோம். கார் ஒன்று கைமாறிக் கைமாறிப் போயிருந்தது. 2009-ல் விபத்து. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், அவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. விற்றுவிட்டு மறந்துபோன விவசாயியின் நிலம் ஒரு நாள் ஜப்திக்கு வந்து நிற்கக்கூடாது. விற்பவரும் இதைப் படிக்க வேண்டும், வாங்குபவரும் படிக்க வேண்டும்.

இரும்பைப் பார்க்கிற விதம்

காகிதம் சரி என்றால் இனி பானெட்டைத் திறக்கலாம். தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, காலையில் போங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். நீங்க போகும்முன்னே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், ஸ்டார்ட்டிங் கோளாறை மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றுங்கள். குப்குப்பென்று புகை அடித்தால் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அணைத்த பிறகு குச்சியை இழுத்துப் பாருங்கள். ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணி கலக்கிறது.

வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். வெட்கப்படாதீர்கள், பணம் நம்ம பணம். ஸ்பிரிங் பட்டை சேஸோடு சேரும் இடங்களில்தான் விரிசல் விடும். மலை வண்டி என்றால் அங்கே ஒட்டு இருக்கும். சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். திடமான இரும்பு கணீரென்கும். துருப்பிடித்தது பொத்தென்கும். முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஸ்டியரிங்கில் வீண் ஆட்டம் எவ்வளவு என்று பாருங்கள்.

'ஃபோர் வீல் வண்டி' என்று சொல்வதை எல்லாம் நம்பாதீர்கள். கமாண்டர், மேஜரில் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டிகளும் நிறைய வந்தன. லிவர் இருக்கும், வேலை செய்யாது. ஈர மண் பாதையில் ஃபோர் வீல் போட்டு, முன்சக்கரமும் இழுக்கிறதா என்று ஒரு ஆளை வெளியே நிற்க வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீலைப் போட்டு ஓட்டக் கூடாது. இந்த வண்டிகளில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கியர் பெட்டியையே உடைத்துவிடும்.

கடைசியில் ஒரு ஏற்றத்தில் சுமையோடு ஓட்டிப் பாருங்கள். இரண்டாம் கியர் தானாக விழுகிறதா? பாதி ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக் போட்டால் நிற்கிறதா? நிற்காத வண்டியை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

வாங்கிய பிறகு: உயிர் முக்கியம்

பழைய ஜீப்புகளில் பெரும்பாலும் நாலு சக்கரமும் டிரம் பிரேக். விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் காய்ந்து பிரேக் பிடிக்காது. எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில் இறங்குவதுதான் மலைப் பழக்கம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுகிற இளவட்டங்களே, மிச்சம் பிடித்தது எத்தனை ரூபாய், போனால் திரும்பாதது எது என்று யோசியுங்கள்.

அடுத்தது, ஆள் ஏற்றுவது. பஸ் இல்லாத ஊரில் 'ஏறிக்கோ அக்கா' என்று சொல்லாமல் யாரால் போக முடியும்? ஆனால் சட்டம் வேறு மாதிரி இருக்கிறது. வெறும் தேர்டு பார்ட்டி பாலிசியில், சொந்த வண்டியில் சும்மா ஏறி வருபவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2006-ல் ஒரு ஸ்கூட்டர் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. ஜீப்புக்கும் அந்த நியாயத்தையே பேசுகிறார்கள். காசு வாங்கி ஏற்றினால் பெர்மிட் இல்லை என்ற குற்றமும் சேரும். 2023 ஆகஸ்ட் 25-ல் வயநாட்டில் தலப்புழைக்குப் பக்கத்தில் தேயிலைத் தோட்ட வேலை முடிந்து திரும்பிய ஜீப்பு பள்ளத்தில் விழுந்தது. 9 பெண் தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். அவர்களும் நம்மைப் போல மலையில் கூலிக்குப் போனவர்கள்தான். ஆகவே பாலிசி எடுக்கும்போது வண்டியில் வருபவர்களுக்கான விபத்துக் காப்பையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். ஃபுட்போர்டிலும் மேற்கூரையிலும் ஆள் ஏற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

ஒருவருக்கு முடியாத செலவு ஐந்து பேருக்கு முடியும். ஐந்து வீடு சேர்ந்து ஒரு வண்டி வாங்கலாம். ஆர்.சி. ஒருவர் பெயரில் இருக்கும். அதனால் யார் எவ்வளவு போட்டது, யாருக்கு எந்த நாள், ரிப்பேர் யார் பங்கு என்று பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வாய்ப்பேச்சில் ஆரம்பித்த கூட்டு வண்டி வாய்ச்சண்டையில்தான் முடியும்.

பதிவு முடியும் தேதியை வீட்டுக் காலண்டரில் சிவப்பு மையில் குறித்து வையுங்கள். முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே படிவம் 25 கொடுக்கலாம். மாதம் 500 ரூபாயை யாருக்கும் தானம் கொடுக்க வேண்டாம்.

நாம் கேட்பது என்ன?

இத்தனையும் நாம் ஒழுங்காகச் செய்கிறோம். அரசாங்கம் தன் பங்கைச் செய்ய வேண்டாமா? சமவெளி விவசாயிக்கு டிராக்டர் எப்படியோ, மலை விவசாயிக்கு ஜீப்பு அப்படி. படிக்கட்டுப் போல வெட்டிய வயலுக்கும் ஒற்றையடித் தடத்துக்கும் டிராக்டர் வராது. கூட்டுப் பண்ணையத் திட்டம் என்று 2017-18-ல் தமிழக அரசு கொண்டுவந்தபோது, 100 விவசாயிகள் கொண்ட குழுவுக்குக் கருவி வாங்க 5 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். பண்ணைக் கருவி என்றால் அவர்கள் கண்ணுக்கு டிராக்டரும் பவர் டில்லரும்தான் தெரிகின்றன. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கொடுத்துப் பெருமைப்பட்டார்கள். அந்தப் பூண்டைக் காட்டிலிருந்து ரோட்டுக்குக் கொண்டுவரும் வண்டிக்குப் பத்தாயிரம் கேட்கிறார்கள். பூண்டுக்கு மாலை, பூண்டுக்காரனுக்கு அபராதமா?

எனவே நம் சங்கம் முன்வைக்கும் கோரிக்கைகள்:

1. மலைக் கிராமத்தில் குடியிருந்து விவசாயம் செய்யும் சிறு, குறு விவசாயியின் ஒரு ஜீப்புக்கு, பதிவு புதுப்பிக்கும் கட்டணம் பழைய 600 ரூபாயாகவே இருக்க வேண்டும். தாமதக் கட்டணத்தை ஒருமுறை முழுதாகத் தள்ளுபடி செய்ய வேண்டும். இதை மாநில அரசு மத்திய அரசிடம் வலியுறுத்த வேண்டும். மாநிலத்தின் கையில் இருக்கும் பசுமை வரியிலிருந்து உடனே விலக்குத் தர வேண்டும்.

2. மேல்மலைக்குப் பூம்பாறையிலும் கீழ்மலைக்குத் தாண்டிக்குடியிலும் மாதம் ஒரு நாள் வாகன ஆய்வு முகாம் நடத்த வேண்டும். புகைச் சோதனை, பெயர் மாற்றம், பழைய ஆர்.சி.யைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எல்லாம் அங்கேயே முடிய வேண்டும்.

3. நல்ல நிலையில் உள்ள பழைய ஜீப்பு வாங்கவும் ரிப்பேர் பார்க்கவும் கூட்டுறவு வங்கி கடன் தர வேண்டும். குழுவாக வாங்கினால், பண்ணைக் கருவிக்குரிய உதவி ஜீப்புக்கும் உண்டு என்று அறிவிக்க வேண்டும்.

4. தன் காட்டு விளைச்சலைத் தானே கொண்டுபோகும் விவசாயியைச் சோதனைச் சாவடிகளில் அலைக்கழிப்பதை நிறுத்த வேண்டும்.

5. மேல்மலை, கீழ்மலைக் கிராமங்களுக்குக் காலையிலும் மாலையிலும் அரசுப் பேருந்து போதுமான அளவு விட வேண்டும். பஸ் வந்தால் ஜீப்பில் பதினைந்து பேர் தொங்க வேண்டிய அவசியம் தானாகவே போய்விடும்.

விவசாயப் பெருமக்களே! 1972-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்துக் கோவை நகரத்துச் சாலைகளைக் கட்டை வண்டிகளால் அடைத்துக் காட்டினார்கள் உழவர்கள். மாட்டு வண்டியைப் பார்த்து ஏளனம் பேசியவர்கள் அன்று வழி கேட்டு நின்றார்கள். நம்மிடம் இருப்பது ஜீப்பு. ஒவ்வொரு ஊரிலும் கூட்டம் போடுங்கள். ஊரில் உள்ள ஜீப்புகளை எண்ணுங்கள். எந்த வண்டிக்குப் பதிவு எப்போது முடிகிறது, யார் பெயரில் இருக்கிறது, எவ்வளவு கட்டச் சொல்கிறார்கள் என்று நோட்டில் எழுதிச் சங்கத்திடம் கொடுங்கள். கணக்கோடு போனால்தான் கலெக்டர் அலுவலகத்தில் நம் பேச்சு எடுபடும். அதற்கும் அசையவில்லை என்றால், காகிதம் சரியாக உள்ள ஜீப்புகளை வரிசையாக நிறுத்தி மலைப்பாதையில் நம் பலத்தைக் காட்டுவோம்!

காகிதத்தைச் சரி செய்வோம்! கட்டணத்தைக் குறைக்க வைப்போம்!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!